சிறு திரையில் தமிழெழுத்து

எங்கள் தோட்டப் பள்ளியின் வாசலில், மணி தொங்கும் தூணுக்கு அருகே, ஒரு சிறு பெட்டி மாட்டப்பட்டிருக்கிறது. அறிவியல் கழகத்துப் பிள்ளைகள் செய்தது. பெட்டியின் முகத்தில் ஒரு திரை. மூலைக்கு மூலை அளந்தால் ஓர் அங்குலம்கூட இல்லை. உள்ளே, காற்றின் வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் அளக்கும் ஓர் உணர்கருவியும், அந்த அளவைத் திரையில் எழுதிக் காட்டும் ஒரு நுண்கட்டுப்பாட்டுச் சில்லும் இருக்கின்றன. நம் வீட்டுச் சலவை இயந்திரத்துக்குள்ளும் இத்தகைய சில்லுதான் உட்கார்ந்து வேலை பார்க்கிறது.

பெட்டி செய்ய ஒரு வாரம் ஆயிற்று. அதில் 'வெப்பம்' என்ற ஒரே ஒரு சொல்லைத் தமிழில் வரவழைக்க இரண்டு மாதம் ஆயிற்று. அந்த இரண்டு மாதத்தில் நானும் பிள்ளைகளும் கற்றுக்கொண்டதைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ளப் போகிறேன்.

உடன் பணிபுரியும் ஆசிரியர் ஒருவர் அப்போதே சொன்னார்: "மலாயில் போட்டுவிட்டுப் போங்களேன். ஐந்து நிமிட வேலை." அவர் சொன்னது உண்மைதான். ரோமன் எழுத்து அந்தச் சில்லுக்குப் பழகிய எழுத்து. ஆனால் பிள்ளைகள் ஒத்துக்கொள்ளவில்லை. அவர்களுக்கு ஒரு காரணம் இருந்தது. காலையில் பேரப் பிள்ளைகளைக் கையைப் பிடித்து அழைத்துவரும் பாட்டிமாரில் பலர், அந்த நாளில் தமிழ்ப் பள்ளியில் சில ஆண்டுகள் மட்டும் படித்துவிட்டுப் பால் மரம் வெட்டப் போனவர்கள். தமிழ் எழுத்து ஒன்றே அவர்களுக்குத் தெரிந்த எழுத்து. பெட்டி தொங்குவதோ அவர்கள் காத்து நிற்கும் இடத்தில்.

சரி, ஒரு சில்லு எப்படி எழுத்தை எழுதுகிறது? வானொலியில் படம் காட்ட முடியாது. ஆகவே வீட்டில் பிள்ளையின் கணக்கு நோட்டு, சதுரக் கட்டம் போட்டது, இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பென்சிலும் வேண்டும்.

எங்கள் திரை அந்த நோட்டின் ஒரு பக்கம் மாதிரிதான். குறுக்கே 128 கட்டம், மேலிருந்து கீழே 64 கட்டம். ஒவ்வொரு கட்டமும் ஒன்று எரியும், அல்லது அணைந்திருக்கும். மூன்றாவது நிலை கிடையாது. கணினிக்காரர்கள் இந்தக் கட்டத்தைப் 'புள்ளி' என்றே எழுதுவார்கள். நான் அப்படிச் சொல்லப் போவதில்லை. தமிழில் புள்ளி என்றால் மெய்யெழுத்தின் தலைமேல் இருப்பது. இரண்டும் குழம்பினால் இந்தப் பேச்சே குழம்பிவிடும்.

இப்போது நோட்டில் 'ப' எழுதுவோம். அகலம் ஆறு கட்டம், உயரம் ஏழு கட்டம். மேல் ஆறு வரிசையிலும் முதற் கட்டத்தையும் ஆறாம் கட்டத்தையும் மட்டும் கறுப்பாக்குங்கள். ஏழாவது வரிசையில் ஆறு கட்டத்தையும் கறுப்பாக்குங்கள். பகரம் வந்துவிட்டதா? இனி அதை எண்ணாக்க வேண்டும். கட்டங்களுக்கு இடமிருந்து வலமாக 128, 64, 32, 16, 8, 4, 2, 1 என்று மதிப்புக் கொடுங்கள். கறுத்த கட்டங்களின் மதிப்பைக் கூட்டுங்கள். மேல் வரிசைகள் ஒவ்வொன்றும் 128-உம் 4-உம் சேர்ந்து 132. கடைசி வரிசை 252. ஆக, ஆறு முறை 132, ஒரு முறை 252; இந்த ஏழு எண்கள்தாம் சில்லுக்குத் தெரிந்த 'ப'. எட்டுக் கட்டம் ஒரு பைட் என்பதால் இது ஏழு பைட். வரிசை முடிந்தும் இடைவெளி விடாமல் நாற்பத்திரண்டு கட்டங்களையும் நெருக்கி அடுக்கினால் ஆறு பைட்டிலேயே அடங்கிவிடும். என் மாணவர்கள் இதை வாய்பாடு போல் செய்கிறார்கள். இரண்டடிமான எண்களைப் பாடப் புத்தகத்தில் படிப்பதைவிட இப்படிப் படிப்பது அவர்களுக்குப் பிடித்திருக்கிறது.

இதற்கு நேர் மாறானது மேசைக் கணினியில் இருக்கும் எழுத்துரு. அங்கே எழுத்து கட்டமாக இல்லை. கோடாக, வளைவாக இருக்கிறது. 'இந்த இடத்தில் தொடங்கு, இப்படி வளை, இங்கே முடி' என்ற குறிப்பு மட்டும் கோப்பில் இருக்கும். பெரிதாக வேண்டுமா, சிறிதாக வேண்டுமா என்று கேட்டு, அந்தந்த நேரத்தில் கணினி வளைவை நிரப்பிக் காட்டுகிறது. கணினிக்கு அதற்கு வலிமை உண்டு. எங்கள் பெட்டியில் இருப்பது ஆர்டுயினோ ஊனோ என்னும் பலகை. நிரலும் எழுத்தும் வைக்க அதில் 32 கிலோபைட் இடம். வேலை செய்யும்போது கையில் வைத்துக்கொள்ள 2 கிலோபைட் நினைவகம். திரையின் 8,192 கட்டங்களையும் ஒரு சேர நினைவில் வைத்தால் அதற்கே 1,024 பைட், அஃதாவது அந்த நினைவகத்தில் சரிபாதி, போய்விடும். வளைவு வரைந்து நிரப்ப அதற்கு ஏது இடம், ஏது பொழுது?

ஆகவே வளைவைக் கட்டமாக்கும் வேலையை முன்கூட்டியே மேசைக் கணினியில் முடித்து, விடையை மட்டும் எண்களாகச் சில்லுக்கு ஊட்ட வேண்டும். இதைத்தான் எழுத்துரு மாற்றம் என்கிறோம். வீட்டிலேயே மாவரைத்து எடுத்துக்கொண்டு போய், திருவிழாக் கடையில் தோசை மட்டும் சுடுவது போல.

மாற்றித் தரும் நிரல்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. அடாஃப்ரூட் நிறுவனத்தாரின் வரைகலை நூலகத்தோடு வரும் 'ஃபாண்ட்கன்வர்ட்' ஒன்று. எழுத்துருக் கோப்பின் பெயர், அளவு, முதல் எழுத்தின் எண், கடைசி எழுத்தின் எண், இந்த நான்கையும் கொடுத்தால் எண் அட்டவணை ஒன்றைக் கக்கும். அதில் கட்டங்களோடு கூட, ஒவ்வோர் எழுத்துக்கும் அகலம், உயரம், எழுதி முடித்தபின் எத்தனை கட்டம் நகர வேண்டும், அடிக்கோட்டிலிருந்து எவ்வளவு மேலே தொடங்க வேண்டும் என்ற குறிப்புகளும் இருக்கும். ஓர் எழுத்துக்கு இந்தக் குறிப்பு மட்டும் 7 பைட்.

அளவு கொடுப்பதில் நான் முதலில் ஏமாந்தேன். 9 என்று கொடுத்தேன். ஒன்பது கட்ட உயரம் வரும் என்று நினைத்தேன். பெரிதாக வந்தது. அந்த 9 அச்சுக்காரர்களின் புள்ளியளவு. அங்குலத்தில் எழுபத்திரண்டில் ஒரு பங்கு. நிரலோ அங்குலத்துக்கு 141 கட்டம் என்று எடுத்துக்கொண்டு கணக்குப் போடுகிறது. ஒன்பதை 141-ஆல் பெருக்கி 72-ஆல் வகுத்தால் ஏறத்தாழ பதினெட்டு. வெறும் ஒன்பதாம் வாய்பாட்டுக் கணக்குதான்; ஆனால் அதைத் தெரிந்துகொள்ள ஒரு சனிக்கிழமை முழுதும் போயிற்று.

இதுவரை சொன்னது எந்த மொழிக்கும் பொது. இனித்தான் நம் வழக்கு.

தமிழ் எழுத்துருவைக் கொடுத்து மாற்றினோம். நிரலில் 'வெப்பம்' என்று தமிழிலேயே தட்டினோம். பெட்டியை இயக்கினோம். திரை வெறுமையாக இருந்தது. கம்பி கழன்றுவிட்டது என்று பிள்ளைகள் பெட்டியைத் திறந்துவிட்டார்கள். கம்பி சரியாகத்தான் இருந்தது.

காரணம் இது. உலக எழுத்துகள் அனைத்துக்கும் எண் கொடுத்திருக்கும் ஒருங்குறியில், தமிழுக்கு 128 இருக்கைகள் கொண்ட ஒரு வரிசை ஒதுக்கப்பட்டு, அதில் 72 இருக்கைகள் நிரப்பப்பட்டுள்ளன. அந்த எண்கள் பெரியவை. ஒரு பைட்டில் 0 முதல் 255 வரைதான் எழுத முடியும். ஆகையால் நாம் தட்டும்போது ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று மூன்று பைட்டாக உடைத்து வைக்கப்படுகிறது. சிறு சில்லின் நூலகமோ ஒரு பைட்டை ஓர் எழுத்தென்று எண்ணிக்கொண்டு வாங்குகிறது. 'வெப்பம்' என்பதற்கு வகரம், ஒற்றைக் கொம்பு, பகரம், புள்ளி, பகரம், மகரம், புள்ளி என ஏழு குறி, இருபத்தொரு பைட். இருபத்தொன்றும் அதன் பட்டியலில் இல்லாதவை. பட்டியலில் இல்லாததை அது எழுதாது. வாய் திறக்காமல் நின்றுவிட்டது.

மூன்று பைட்டையும் சேர்த்து ஓர் எண்ணாகப் படிக்கத் தெரிந்த நூலகங்களும் இருக்கின்றன. யு8ஜி2 என்பது அவற்றுள் ஒன்று. அதற்கு மாறினோம். திரையில் எழுத்து வந்தது! பிள்ளைகள் கை தட்டினார்கள். முதலாம் ஆண்டுப் பிள்ளை ஒன்று அருகே வந்து எழுத்துக் கூட்டியது: "வ... பெ... ப... ம." கை தட்டல் நின்றது.

ஏன் அப்படி? நாம் வாயால் சொல்லும்போது வகரம் முன்னே, எகரம் பின்னே. ஒருங்குறியும் அந்த ஒலி வரிசையில்தான் வைத்திருக்கிறது. கையால் எழுதும்போது நாம் என்ன செய்கிறோம்? கொம்பை முதலில் போட்டுவிட்டு வகரத்தைப் பிறகு எழுதுகிறோம். பெரிய கணினியிலும் கைப்பேசியிலும் இந்த இடமாற்றத்தைச் செய்ய ஒரு தனி நிரல் திரைக்குப் பின்னால் ஓயாமல் உழைக்கிறது. சிறு சில்லில் அந்த ஆள் இல்லை. வந்ததை வந்த வரிசையில் எழுதிவிட்டது. கொம்பு வகரத்துக்குப் பின்னால் போய், அடுத்த பகரத்தோடு ஒட்டிக்கொண்டது. புள்ளியும் பகரத்தின் தலைமேல் ஏறாமல், பக்கத்தில் தனியே நின்றது.

'கு', 'மூ' போன்ற எழுத்துகளின் கதை இன்னும் சங்கடமானது. கு என்னும் முழு உருவத்துக்கு ஒருங்குறியில் தனி எண் இல்லை. ககரமும் உகரக் குறியும் அடுத்தடுத்து வந்தால் 'கு' என்ற உருவத்தைப் போடு என்று எழுத்துருக் கோப்புக்குள் ஒரு விதி இருக்கும். அந்த உருவம் கோப்பில் இருக்கிறது, ஆனால் அதற்கு வீட்டு எண் இல்லை. மாற்றும் நிரலோ வீட்டு எண்ணைச் சொல்லித்தான் கதவைத் தட்டுகிறது. எண் இல்லாத வீட்டுக்கு அது போவதே இல்லை. ஆக, தமிழ் எழுத்துருவை அப்படியே மாற்றினால் நமக்கு வேண்டிய உகர, ஊகார எழுத்துகள் அவ்வளவும் வழியிலேயே நின்றுவிடும்.

இந்த இடத்தில் எனக்குப் பழைய தட்டச்சுப் பொறி நினைவுக்கு வந்தது. 247 எழுத்தை ஐம்பதுக்கும் குறைவான விசைகளில் அடக்க வேண்டும் என்ற இதே தொல்லையைத்தான், சிங்கப்பூரில் பணிபுரிந்த யாழ்ப்பாணத்துக்காரரான முத்தையா எதிர்கொண்டார். தமிழ்த் தட்டச்சுக்கு விசைப்பலகை வகுத்துத் தந்தவர் அவர். கால், கொம்பு முதலியவற்றைத் தனித் துண்டுகளாக்கினார். தாளை நகர்த்தாமல் பதியும் விசைகளை வைத்தார். பிறகு கணினி வந்தபோதும் இதே கணக்கு. நம் மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985-இல் 'முரசு' செய்தார். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டையொட்டி டாம், டாப் என்ற இரு குறியீட்டு முறைகள் வந்தன. இணையத்தில் கூடிப் பேசிய அன்பர்கள் டிஸ்கி என்ற ஒன்றை வகுத்தார்கள். இவற்றில் டாப், டிஸ்கி இரண்டிலும் கீழ்ப் பாதியில் ரோமன் எழுத்து, மேற்பாதியில் தமிழ் உருவங்கள். எல்லாம் ஒரே பைட்டுக்குள். ஒருங்குறி வந்தபின் இவை பரணில் ஏறிவிட்டன. ஒரு பைட் மட்டுமே தெரிந்த சிறு சில்லுக்கு அந்தப் பரணிலிருந்து இறக்கியதுதான் பொருந்தியது.

நாங்களும் எங்கள் பெட்டிக்கென்று ஒரு பட்டியல் போட்டோம். கரும்பலகையில் எழுதி, வகுப்பே எண்ணியது. உயிர் 12, ஆய்தம் 1. க முதல் ன வரை அகர உயிர்மெய் 18. புள்ளி வைத்த மெய் 18. உகரமேறியவை 18, ஊகாரமேறியவை 18. இதுவரை 85. பிறகு தனித் துண்டுகள்: துணைக்கால், இகரத்தின் மேல்விலங்கு, ஈகாரத்தின் சுழி, ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு, ஐகாரக் கொம்பு என்று ஆறு. மேல்விலங்கோடு உருக்கலந்துவிடும் டி, டீ இரண்டும் தனி. ஜ, ஷ, ஸ, ஹ, க்ஷ ஐந்தும், அவற்றின் மெய் ஐந்தும். இந்த வடவெழுத்துகளுக்குப் பக்கத்தில் போட உகர, ஊகாரக் குறி இரண்டு. ஸ்ரீ ஒன்று. கூட்டினால் 106.

மொத்தம் எத்தனை இடம் இருக்கிறது? முப்பத்திரண்டாம் எண்ணுக்குக் கீழே இருப்பவை வரி மாற்று, பின்செல் என்பன போன்ற கட்டளைகள், தொடக் கூடாது. 32 முதல் 126 வரை 95 இடத்தில் ரோமன் எழுத்தும் எண்ணும். 127 முதல் 255 வரை மிச்சம் 129 இடம். நமக்கு வேண்டியது 106. இருபத்து மூன்று இடம் காலியாகவே கிடந்தது! அதில் ஒன்றை வெப்பத்துக்குரிய பாகைக் குறிக்குக் கொடுத்தோம். ஔகாரத்தின் பின்பாதிக்கு ளகரமே போதும். ஒகர, ஓகாரத்துக்குக் கொம்பும் காலும் போதும்.

இகர, ஈகார எழுத்துகளையும் தனித்தனி உருவமாக வைத்திருந்தால் இடம் போதாமல் போயிருக்கும். அதனால்தான் அவற்றைத் துண்டாக்கினோம். தட்டச்சுப் பொறியில் பட்ட பாட்டை நேரில் கண்ட தலைமுறைக்கு இது வியப்பாக இராது.

அடுத்தது, உருவங்களை அந்த எண்களில் குடியமர்த்துவது. இதற்கு 'ஃபாண்ட்ஃபோர்ஜ்' என்னும் எழுத்துரு திருத்தும் நிரலைப் பயன்படுத்தினோம். எழுத்துருவைத் திறந்தால், வீட்டு எண் இல்லாத கு, கூ முதலிய உருவங்களும் கடைசியில் வரிசையாகக் கண்ணுக்குத் தெரியும். ஒவ்வொன்றாகப் படியெடுத்து, 127 முதல் நம் பட்டியல்படி ஒட்ட வேண்டும். காலி இடங்களையும் சும்மா விடக் கூடாது. வெற்று உருவம் ஒன்றை வைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் மாற்றும் நிரல் 'எழுத்து இல்லை' என்பதற்கான பெட்டிப் படத்தை அங்கெல்லாம் நிரப்பி, இருக்கிற இடத்தையும் தின்றுவிடும்.

ஒரு சொல், உரிமை பற்றி. எல்லா எழுத்துருவையும் இப்படி வெட்டி ஒட்ட உரிமை கிடையாது. 'நோட்டோ சான்ஸ் தமிழ்' போன்ற சில, எஸ்.ஐ.எல். திறந்த எழுத்துரு உரிமத்தில் வெளிவருகின்றன. அவற்றைத் திருத்தலாம், பகிரலாம். எழுத்துரு செய்தவர் தம் பெயரைக் காப்பிட்டு வைத்திருந்தால், திருத்திய படிக்கு வேறு பெயர் வைக்க வேண்டும். பள்ளிக்கூடத்து வேலைதானே என்று இதை விட்டுவிடக் கூடாது. பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

குடியமர்த்திய பின் கட்டமாக்கினோம். இம்முறை நேரே எண் அட்டவணைக்குப் போகாமல், நடுவில் 'பி.டி.எஃப்' எனப்படும் கோப்பாக நிறுத்தினோம்; கணினியில் நூல்களைப் படிக்கத் தரும் பி.டி.எஃப் வேறு, இது வேறு. வளைவெழுத்தை இப்படி மாற்ற 'ஓ.டி.எஃப்.டு.பி.டி.எஃப்' என்று ஒரு சிறு நிரல் உண்டு. இந்தக் கோப்பில் ஒவ்வோர் எழுத்தின் ஒவ்வொரு வரிசையும் தனி வரியில் எண்ணாக நிற்கும். நம் கணக்கு நோட்டில் எழுதினோமே, அதே முறைதான். எண் மட்டும் பதினாறடிமானம். சாதாரணக் குறிப்பேட்டு நிரலில் திறந்தே திருத்தலாம். ஏன் திருத்த வேண்டும் என்று கேட்பீர்கள். இந்த வேலையின் உயிரே அதில்தான் இருக்கிறது.

இயந்திரம் வளைவைக் கட்டமாக்கும்போது, ஒரு கட்டத்தை நிரப்புவதா விடுவதா என்று கணக்குப் பார்த்து முடிவு செய்கிறது. அதற்குத் தமிழ் தெரியாது. எங்கள் முதல் படியில் 'ஈரப்பதம்' என்பதைப் பார்த்தோம். ரகரத்தின் கீழே சாய்ந்திறங்கும் கால் ஒரே ஒரு கட்டமாகச் சுருங்கிவிட்டிருந்தது. கால் போன ரகரம் துணைக்காலாயிற்று. மெய்ப்புள்ளி ஒரு கட்டம். அதுவும் பகரத்தின் வலது கொம்போடு ஒட்டிக்கொண்டு, கொம்பு சற்று நீண்டது போல் தெரிந்தது. ணகரத்தின் சுழிகள் ஒன்றோடொன்று அடைத்துக்கொண்டு ஒரு கறுப்புத் திட்டாகிவிட்டன. பெரிய எழுத்தில் அழகு கெடும் சிறு பிழை, சிறு எழுத்தில் எழுத்தையே மாற்றிவிடுகிறது. ஒரு கட்டம் போனால் மெய் உயிர்மெய்யாகிவிடும்.

ஆகவே கரும்பலகையில் கட்டம் கட்டமாக வரைந்து, ஒவ்வோர் எழுத்தையும் பிள்ளைகளே திருத்தினார்கள். ரகரத்துக்கு இடப் பக்கம் சாயும் இரண்டு கட்டக் கால். புள்ளிக்கு இரண்டுக்கு இரண்டு, நான்கு கட்டம். அதற்கும் எழுத்துக்கும் நடுவே ஒரு வரிசை கட்டாயமாக வெறுமை. அப்படியென்றால் நம் ஏழு கட்டப் பகரம், புள்ளி வைத்ததும் பத்துக் கட்ட உயரமாகிறது. கு, ழு போன்றவற்றின் கால்கள் அடிக்கோட்டுக்குக் கீழேயும் இறங்க வேண்டும். ரோமன் எழுத்துக்கு எட்டு வரிசையில் ஒரு வரி என்று 64 வரிசைத் திரையில் எட்டு வரி எழுதலாம். தமிழுக்குப் பதினாறு வரிசை விட்டு நான்கு வரி எழுதினால்தான் கண்ணுக்கு இதமாக இருக்கிறது. பன்னிரண்டு வரிசையில் நெருக்கலாம் என்று ஒரு மாணவன் வாதாடினான். எழுதியும் காட்டினான். அவன் கண்ணுக்குத் தெரிந்தது, எனக்குத் தெரியவில்லை. நாற்பதைத் தாண்டிய கண் தோற்றது என்று ஒப்புக்கொண்டு, பாட்டிமாரின் பெயரைச் சொல்லித்தான் அவனை வழிக்குக் கொண்டுவந்தேன்.

ணகரத்துக்கும் னகரத்துக்கும் மட்டும் இரண்டு நாள். ணகரத்தில் நிற்கும் கோடுகள் ஐந்து என்று வைத்துக்கொண்டால், கோட்டுக்கு ஒரு கட்டமும் இடைவெளிக்கு ஒரு கட்டமுமாக ஒன்பது கட்டத்துக்குக் குறைந்து அதை எழுத முடியாது. இடம் மிச்சம் பிடிக்கிறோம் என்று எல்லா எழுத்தையும் ஒரே அகலத்தில் வைத்தால் ணகரம் நசுங்கும், அல்லது 'ர' நடுவே வெறிச்சோடும். எழுத்துக்கு எழுத்து அகலம் மாறத்தான் வேண்டும்.

திருத்திய கோப்பை யு8ஜி2-உடன் வரும் 'பி.டி.எஃப்.கான்வ்' என்ற நிரலிடம் கொடுத்து, 32 முதல் 255 வரை என்று சொன்னதும், சில்லுக்குரிய அட்டவணை வந்தது. இடம் போதுமா என்ற கவலை இருந்தது. எழுத்து ஒன்றுக்குப் பத்துக்குப் பன்னிரண்டு என்று வைத்தால் 120 கட்டம், 15 பைட். 201 எழுத்துக்கு 3,015 பைட். எழுத்துக்கு 7 பைட் குறிப்பு என்று 224 இடத்துக்கும் சேர்த்தால் இன்னும் 1,568. கூட்டினால் நாலரை ஆயிரத்துக்குச் சற்று மேல். சில்லின் 32 கிலோபைட்டில் ஏழில் ஒரு பங்குகூட இல்லை. தமிழுக்கு இடம் போதாது என்று இனி யாரேனும் சொன்னால், இந்தக் கணக்கைக் காட்டலாம்.

எஞ்சியது சொற்களை நம் பட்டியல் எண்ணுக்கு மாற்றுவது. இதையும் மேசைக் கணினியிலேயே பைத்தான் மொழியில் ஒரு சிறு நிரலாக எழுதினோம். தமிழ்ச் சொல்லை வாங்கி இடமிருந்து படிக்கும். நீளமான சேர்க்கையை முதலில் தேடும். ஸ்ரீ, க்ஷ இரண்டையும் முதலில் பார்க்காவிட்டால் அவை துண்டு துண்டாகிவிடும். மெய்யோடு புள்ளி வந்தால் புள்ளி வைத்த ஒரே உருவம். உகரக் குறி வந்தால் உகரமேறிய ஒரே உருவம். கொம்பு வந்தால் எழுத்துக்கு முன்னே தூக்கிப் போடு. ஒகரக் குறி வந்தால் கொம்பை முன்னும் காலைப் பின்னுமாகப் பிரி. அவ்வளவுதான் விதி. நாம் இரண்டாம் வகுப்பில் எழுதப் பழக்கும் வரிசையும் இதுதான் அன்றோ! 'வெப்பம்' என்ற சொல் கொம்பு, வகரம், ப், பகரம், ம் என்று ஐந்தே எண்ணாயிற்று. இருபத்தொரு பைட் ஐந்தாகச் சுருங்கியது.

இன்னும் ஒரு முள் குத்தியது. அதையும் சொல்லிவிடுகிறேன், இதே வழியில் வருகிறவர்களுக்கு உதவும். மேல்விலங்கு முந்திய எழுத்தின் மேல் சற்றுப் படிய வேண்டும் என்பதற்காக, அதன் தொடக்கத்தை இடப் பக்கம் இரண்டு கட்டம் தள்ளி வைத்திருந்தோம். திரையில் 'மி' எழுதினால் மகரத்தின் வலது ஓரம் காணாமல் போயிற்று. யு8ஜி2 வழக்கமாக எழுத்தோடு அதன் பின்னணிக் கட்டங்களையும் சேர்த்து எழுதும். வெற்றுக் கட்டம் கீழே இருந்த கறுப்பை அழித்துவிட்டது. பின்னணியை எழுதாதே என்று ஒரே ஒரு கட்டளை கொடுத்ததும் மகரம் திரும்பி வந்தது.

பெட்டி மாட்டிய மறுநாள் காலை. பேத்தியை அழைத்து வந்த ஒரு பாட்டி, கண்ணாடியை மூக்கில் சரிசெய்துகொண்டு, எழுத்துக் கூட்டி, "வெப்பம், முப்பத்தி ஒண்ணு" என்று சத்தமாகப் படித்தார். அடுத்த வரிக்குப் போனார். நின்றார்.

"டீச்சர், கொஞ்சம் இங்க வாங்க. ஈரப்பதம்னுதானே எழுதியிருக்கீங்க? அந்த 'த' வுக்கு வாலக் காணோமே, டீச்சர்."

பார்த்தேன். பாட்டி சொன்னது சரி. தகரத்தின் கீழ்வளைவில் ஒரு கட்டம் விட்டுப் போயிருந்தது. இரண்டு மாதமாக அதைப் பார்த்துப் பார்த்துப் பழகிய எங்கள் யார் கண்ணிலும் அது படவில்லை. கழகத்துப் பிள்ளைகள் இடைவேளையில் கோப்பைத் திறந்து, ஓர் எண்ணை மாற்றி, மறுபடி ஏற்றினார்கள். பள்ளி விட்டுப் பேத்தியை அழைத்துப் போக வந்தபோது பாட்டி மறுபடி படித்துப் பார்த்தார்.